சாய்தலும் ஒடித்தலும்: யதார்த்தம் பற்றிச் சில குறிப்புகள்

யதார்த்தம் என்ற சொல் தமிழ் விமர்சனத்தில் அநேகமாக ஒரு பாராட்டாகவோ ஒரு வசையாகவோதான் புழங்கிவருகிறது. ஒரு நாவலில் பேச்சு வழக்கும் தெருப்பெயரும் சரியாக இருந்தால் யதார்த்தம் என்கிறார்கள். கனவோ மயக்கமோ வந்துவிட்டால் யதார்த்தத்தை மீறியது என்கிறார்கள். எதற்கு உண்மையாக இருப்பது யதார்த்தம் என்ற கேள்வியை இரு தரப்பினரும் கேட்டுக்கொள்வதில்லை. நடந்த காரியத்துக்கா, அது நடந்த விதத்துக்கா, அல்லது நடந்தபோது அதற்குள் இருந்தவனின் பிரக்ஞைக்கா? இம்மூன்றும் ஒன்றல்ல. ஒன்றுக்கு உண்மையாக இருக்கும்போதே இன்னொன்றுக்குப் பொய்யாகிவிட நேரலாம்.

இக்கேள்வியை இலக்கியத்துக்கு வெளியே, மோட்டோகிராஸ் வீடியோ கேம்களில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். இந்தப் பக்கங்களில் இது விநோதமாகப் படலாம். ஆனால் நாவலாசிரியன் தப்பித்துக்கொள்ளும் சந்துகள் இங்கே இல்லை. ஒரு வளைவில் வண்டியை எவ்வாறு திருப்புவது, எவ்வாறு சாய்ப்பது என்ற பிரச்னைக்கு ஆட்டத்தை உருவாக்குகிறவன் ஏதாவது ஒரு விடையை எழுதித்தான் ஆகவேண்டும். அந்த விடை பிசகினால் நிற்கவேண்டிய வண்டி விழும். விழவேண்டிய வண்டி விழாமல் போகும். விளையாடுகிறவனுக்கு உடனே தெரிந்துவிடும். யதார்த்தம் பற்றிய கோட்பாடுகள் இவ்வளவு சீக்கிரம் தண்டனை பெறும் வேறு துறை எனக்குத் தெரியவில்லை.

1

மோட்டோகிராஸ் 1920-களில் இங்கிலாந்தில் ஸ்கிராம்பிள் என்ற பெயரில் ஆரம்பித்த பந்தயம். மண் தரை, மேடுகள், பள்ளங்கள், வண்டி தரையைவிட்டு எழும்பும் தாவல்கள், இவற்றோடு கூடிய ஒரு சுற்றுப்பாதை. இங்கே ஓடும் 450 சிசி வண்டியின் எடை 100 கிலோவுக்குச் சற்று மேல். ஓட்டுகிறவன் 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஓடுகிற மொத்தப் பொருளில் ஐந்தில் இரண்டு பங்கு மனித உடல். ஒரு காரில் ஓட்டுநர் மொத்த எடையில் பதினைந்தில் ஒரு பங்குகூட இருக்கமாட்டார். அவர் முன்னே குனிந்தாலும் பின்னே சரிந்தாலும் காருக்கு அக்கறையில்லை. மோட்டோகிராஸில் ஓட்டுகிறவன் ஓட்டப்படுவதன் ஒரு பகுதி. அவன் எழுந்து நிற்பதும், டாங்கின்மேல் நகர்ந்து உட்காருவதும், வெளிப்பக்கக் காலால் ஃபுட்ரெஸ்டை மிதிப்பதும் வண்டியின் சக்கரங்கள் மண்ணைப் பற்றும் விதத்தையே மாற்றிவிடுகின்றன. ஷாக் அப்ஸார்பர் சுமார் 30 சென்டிமீட்டர் அமுங்கி எழும் வண்டி அது. கீழே தரையும் மேலே உடலும் ஓயாமல் அசைய, நடுவில் நிலையானது எதுவுமில்லை.

இதைத் திரைக்குக் கொண்டுவருவதில் ஆரம்ப காலத்தவர்கள் காட்டிய அடக்கம் கவனிக்கத்தக்கது. 1984-ல் நிண்டெண்டோவுக்காக ஷிகெரு மியாமோட்டோ உருவாக்கிய எக்ஸைட்பைக்கில் வண்டியைப் பக்கவாட்டிலிருந்துதான் பார்க்கிறோம். பாதையில் நான்கு தடங்கள். திரும்புவது என்றால் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறுவது, அவ்வளவுதான். சாய்வதோ முன்னும் பின்னும் மட்டும். தாவலில் எழும்பிய வண்டியின் மூக்கை உயர்த்தி அல்லது தாழ்த்தி, இறங்கும் சரிவுக்கு இணையாக இரு சக்கரங்களையும் கொண்டுவர வேண்டும். மோட்டோகிராஸின் அனுபவத்தில் பெரும்பகுதியை அது விட்டுவிட்டது. ஆனால் எடுத்துக்கொண்ட ஒரு அச்சில் பொய் சொல்லவில்லை. வரம்பை ஒப்புக்கொண்ட உருவம் அது. நம் கூத்தில் ஒரு சுற்று சுற்றிவந்தால் ஊர் மாறிவிட்டது என்று ஏற்றுக்கொள்வதைப் போல, நான்கு தடங்களைப் பாதை என்று ஏற்றுக்கொண்டோம்.

1985-ல் ஸேகா நிறுவனத்தின் யூ ஸுஸுகி ஹாங்-ஆன் என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தார். இது மண்ணல்ல, தார்ச்சாலை. இதன் பெரிய வடிவத்தில் ஒரு முழு மோட்டார் சைக்கிள் பொம்மையின்மேல் ஏறி உட்கார்ந்து அதை உடலால் சாய்க்க வேண்டும். அடுத்த ஆண்டு வந்த எண்ட்யூரோ ரேஸரில் மண்ணும் தாவலும் வந்தன. முன்சக்கரத்தைத் தூக்க ஹாண்டிலையே மேலே இழுக்க வேண்டும். இவற்றில் உடல் உண்மையாகவே சாய்ந்தது. ஆனால் சாய்ந்த உடலுக்கும் திரையில் திரும்பிய வண்டிக்கும் இடையே இருந்த உறவு ஒரு ஸ்விட்சின் உறவு. இடப்பக்கம் சாய்த்தால் இடப்பக்கம் போகும், எந்த வேகத்திலும், எந்தத் தரையிலும். அங்கே சாய்வு ஒரு காரணமாக வேலை செய்யவில்லை. ஒரு கட்டளையாக மட்டும் வேலை செய்தது. உடல் முழுவதையும் ஈடுபடுத்திவிட்டால் அனுபவம் முழுமையாகிவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு மேலோட்டமானது என்பதற்கு இது நல்ல உதாரணம். நம் கவிதைகளில் வலிய அழுகிறவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

2

தமிழில் இதற்கு இரண்டு வினைச்சொற்கள் இருக்கின்றன. ‘ஹாண்டிலை ஒடி’ என்கிறோம். ‘வண்டியைச் சாய்’ என்கிறோம். சந்துமுனையில் சைக்கிளைத் திருப்புகிறவன் ஒடிக்கிறான். நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் போகிறவன் சாய்க்கிறான். இரண்டும் ஒரே காரியத்தின் இரண்டு பெயர்கள் அல்ல என்பது நம் பேச்சுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அவ்விரண்டுக்கும் உள்ள உறவு பேச்சுக்குத் தெரியாது. உடலுக்கு மட்டும் தெரியும்.

விஷயம் இது. ஓரளவு வேகத்தில் செல்லும் இருசக்கர வண்டி இடப்பக்கம் திரும்பவேண்டுமானால் முதலில் இடப்பக்கம் சாயவேண்டும். சாய்வதற்கு, கீழேயுள்ள சக்கரம் உடலின் எடைக்கு அடியிலிருந்து வலப்பக்கமாக நழுவவேண்டும். அதற்கு ஹாண்டில் ஒரு கணம் வலப்பக்கம் ஒடிய வேண்டும். அதாவது இடப்பக்கம் போக விரும்புகிறவன் முதலில் வலப்பக்கம் ஒடிக்கிறான். சாய்வு வந்தபிறகுதான் ஹாண்டில் இடப்பக்கம் வந்து அந்தச் சாய்வைத் தாங்குகிறது. இந்த எதிர்த்திருப்பம் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இருப்பதில்லை; ஒரு கணத்துக்கு மேல் நிற்பதுமில்லை. சைக்கிள் வியாபாரம் செய்துவந்த வில்பர் ரைட், இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று பலரிடம் விசாரித்துப் பார்த்திருக்கிறார். முதல் கேள்வியிலேயே முழுவதையும் சரியாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் நாள்தோறும் செய்துகொண்டிருந்த காரியம்!

உடலைச் சாய்த்தாலே போதுமே, ஹாண்டில் எதற்கு என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் பந்தயப் பயிற்சிப் பள்ளி நடத்திவரும் கீத் கோட் இதற்கென்றே ஒரு வண்டியைச் செய்தார். வழக்கமான ஹாண்டிலோடு, திரும்பவே திரும்பாதபடி வண்டியின் சட்டத்தோடு இறுக்கப்பட்ட இன்னொரு ஹாண்டில். அதைப் பிடித்துக்கொண்டு, உடலை மட்டும் சாய்த்து வண்டியைத் திருப்பச் சொன்னார். வண்டி லேசாகத் தடுமாறி ஒரு பக்கம் ஒதுங்கியதே தவிர, ஓட்டுகிறவன் கேட்ட இடத்தில் கேட்ட அளவு திரும்பவில்லை. எனினும் மண்ணில், எடை குறைந்த வண்டியில், உடலின் பங்கு தார்ச்சாலையில் இருப்பதைவிட மிக அதிகம்.

சாய்வின் அளவுக்குக் கணக்கு உண்டு. 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு சமதள வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால், வண்டியும் மனிதனும் சேர்ந்த மொத்த எடையின் மையம் ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். இது பேரம் பேச முடியாத எண். ஆனால் அந்த 45-ஐ வண்டியும் மனிதனும் எவ்வாறு பங்கிட்டுக்கொள்வது என்பதில் சுதந்திரம் இருக்கிறது. தார்ச்சாலைப் பந்தயக்காரன் தன் உடலை வளைவின் உட்பக்கம் தொங்கவிடுகிறான்; அதனால் வண்டி சற்று நிமிர்ந்திருக்கிறது. மோட்டோகிராஸ்காரன் இதற்கு நேர்மாறு. வண்டியைத் தன் அடியில் கீழே அழுத்திச் சாய்த்துவிட்டு, தான் நிமிர்ந்து அதன்மேல் உட்காருகிறான். வெளிப்பக்க முழங்கை உயர்ந்திருக்கும். எடை வெளிப்பக்கக் காலில். உட்பக்கக் கால் முன்னே நீண்டிருக்கும். சக்கரம் வழுக்கினால் உடல் இன்னும் வண்டிக்கு மேலேதான் இருக்கிறது என்பதால் மீள வழியுண்டு. சமதளத்தில் இப்படி. மண் கரைகட்டி நிற்கும் வளைவில் கரையே சாய்ந்து கொடுத்துவிடுகிறது. அங்கே கணக்கு வேறு.

ஆக, ‘சாய்வு’ என்று ஒரே சொல்லால் சுட்டுகிற இடத்தில் குறைந்தது மூன்று சாய்வுகள் இருக்கின்றன: வண்டியின் சாய்வு, உடலின் சாய்வு, தரையின் சாய்வு. இம்மூன்றையும் ஒரே கோணமாகச் சுருக்கி வரைந்துகாட்டும் ஆட்டம் எவ்வளவு அழகான படங்களைக் கொண்டிருந்தாலும், எல்லாப் பாத்திரங்களும் ஒரே தமிழ் பேசும் நாவலைப் போன்றதுதான்.

3

இனி முக்கியமான பிரச்னைக்கு வருகிறேன். விளையாடுகிறவனின் கையில் இருப்பது ஹாண்டில் அல்ல. கட்டைவிரலுக்கு அடியில் ஒரு சிறு குச்சி. அது பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு நகரும். விட்டால் ஸ்பிரிங்கின் பலத்தில் நடுவுக்கு வந்துவிடும். இந்த ஒரு சென்டிமீட்டருக்கு என்ன அர்த்தம் கொடுப்பது? இதுவரை மூன்று விடைகள் தரப்பட்டிருப்பதாகச் சொல்லலாம்.

முதல் விடை: குச்சி என்பது திசை. இடப்பக்கம் தள்ளினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். சாய்வு பின்னர் ஒட்டவைக்கப்படும் ஒரு படம். பெரும்பாலான ஆட்டங்களில் வெகுகாலம் இதுதான் நடந்தது. வண்டிக்குள் ஒரு காரை ஒளித்துவைத்து மேலே சாய்வை வரைவது. காரியம் சரி, காரணம் பொய்.

இரண்டாவது விடை: குச்சி என்பது வேண்டுகிற சாய்வு. விளையாடுகிறவன் ‘இவ்வளவு சாயவேண்டும்’ என்று சொல்கிறான். ஆட்டத்துக்குள் இருக்கும் ஒரு கண்காணாத ஓட்டுநர், எதிர்ப்பக்கம் ஒடித்து, சாய்ந்தபின் தாங்கி, அந்தச் சாய்வைக் கொண்டுவந்து கொடுக்கிறார். வேகம் குறையும்போது இவர் தன் இலக்கணத்தை மாற்றிக்கொள்ளவும் வேண்டும். ஏனெனில் நடை வேகத்தில் விழுகிற பக்கமே ஒடித்துச் சக்கரத்தை எடைக்கு அடியில் கொண்டுவருவதுதான் வழி.

மூன்றாவது விடை: குச்சி என்பதே ஹாண்டில். விளையாடுகிறவன் தானே எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும், தானே தாங்க வேண்டும். இடையில் யாரும் இல்லை.

பௌதிகத்துக்கு மிக விசுவாசமானது மூன்றாவது விடை என்பதில் சந்தேகமில்லை. தீவிரமான ரசிகர்களில் ஒரு சாரார் இதுவே உண்மையான யதார்த்தம், மற்றவை சலுகைகள் என்று கருதுகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. காரணம் வில்பர் ரைட்டின் விசாரணையிலேயே இருக்கிறது. நிஜ வண்டியை ஓட்டுகிறவன் எதிர்ப்பக்கம் ஒடிப்பது அவனுக்கே தெரியாது. அவன் பிரக்ஞையில் இருப்பது வளைவு, கரை, முன்னே போகிறவனின் பின்சக்கரம். மூன்றாவது விடையைத் தேர்ந்துகொண்ட ஆட்டத்தில் விளையாடுகிறவனின் பிரக்ஞை முழுவதும் எதிர்ப்பக்கம் ஒடிப்பதிலேயே செலவாகிவிடுகிறது. வளைவைப் பார்க்க அவனுக்குக் கண் மிஞ்சுவதில்லை. இயக்கத்தின் உண்மை முழுமையாகக் கிடைத்துவிட்டது; இயக்குகிறவனின் உண்மை முழுமையாகத் தொலைந்துவிட்டது.

ஹங்கேரியில் பிறந்து, ரசாயன விஞ்ஞானியாக இருந்து, பின்னர் தத்துவத்துக்கு வந்த மைக்கேல் பொலான்யி 1958-ல் வெளியிட்ட தம் நூலில் சைக்கிளை உதாரணமாக எடுத்துக்கொண்டார். விழப்போகும் சாய்வுக்கும் வேகத்துக்கும் ஏற்ப எவ்வளவு வளையவேண்டும் என்பதற்கு ஒரு விதி உண்டு. சைக்கிள் ஓட்டுகிற எல்லோரும் அவ்விதியைப் பின்பற்றுகிறார்கள். ஒருவருக்கும் அது தெரியாது. தெரிந்துகொண்டாலும் அதைவைத்து ஓட்ட முடியாது என்பது அவர் வாதம். நாமும் சைக்கிளைக் கற்றோம் என்பதைவிடப் பழகினோம் என்றுதான் சொல்கிறோம். பாலன்ஸ் ‘கிடைத்துவிட்டது’ என்கிறோம், தொலைந்த பொருள் கிடைத்ததைப் போல. விஞ்ஞானிகளுக்கே இவ்விஷயம் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. சுழலும் சக்கரத்தின் பம்பர விளைவுதான் சைக்கிளை நிறுத்துகிறது என்று நம்பப்பட்டு வந்தபோது, டேவிட் ஜோன்ஸ் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி அவ்விளைவை ரத்து செய்து பார்த்தார். அந்த சைக்கிளையும் சுலபமாக ஓட்ட முடிந்தது. 1970-ல் அவர் இதை எழுதினார். 2011-ல், அந்த விளைவையும் இன்னொரு காரணமாகக் கருதப்பட்ட முன்சக்கர அமைப்பையும் ஒருசேர நீக்கிவிட்டும் ஆளில்லாத ஒரு சைக்கிள் தானே நிமிர்ந்து ஓடக்கூடும் என்று வேறு சிலர் செய்தே காட்டினார்கள். பெயர்த்தெழுதிவிடக்கூடிய ஒற்றைச் சூத்திரம் ஒன்றும் இல்லை என்பதே இதன் பொருள்.

மூன்றாவது விடையின் ஆதரவாளர்களிடம் வலுவான ஒரு பதில் உண்டு, அதை மறைக்கக்கூடாது. சைக்கிளும் முதலில் பிரக்ஞையைத் தின்னத்தான் செய்தது. பழகப் பழக மறந்துபோயிற்று. கட்டைவிரலும் நூறு மணிநேரத்தில் மறந்துவிடும் என்பார்கள். ஆனால் சைக்கிள் பழகிய உடலுக்குச் செய்தி எங்கிருந்தெல்லாம் வந்தது? காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பிலிருந்து, உட்கார்ந்த இடத்திலிருந்து, ஹாண்டில் கைகளில் திருப்பித் தள்ளிய பலத்திலிருந்து. வேகத்தில் ஹாண்டில் திரும்பும் கோணம் மிகச் சொற்பம். கை உணர்வது கோணத்தை அல்ல, பலத்தை. குச்சியோ தன் ஸ்பிரிங்கின் பலத்தை மட்டுமே திருப்பித் தரும். அந்தப் பலத்துக்குத் தரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. கருவி அதிரும், ஆனால் அந்த அதிர்வு எவ்வளவு என்று சொல்லுமே தவிர எந்தப் பக்கம் என்று சொல்லாது. மீதி எல்லாவற்றையும் கண் ஒன்றே செய்ய வேண்டியிருக்கிறது. கண் தாமதமாகத்தான் அறியும். சாய்ந்துவிட்டதைப் பார்க்கும், சாயப்போவதைப் பார்க்காது. எனவே நூறு மணிநேரத்துக்குப்பின் கட்டைவிரல் பழகுவது ஒரு திறமைதான், மதிக்கத்தக்கதும்தான். ஆனால் அது மோட்டோகிராஸ்காரனின் திறமை அல்ல, வேறொரு வித்தை.

நனவோடை உத்தியைத் தமிழில் கையாண்டவர்களில் பலர் விழுந்த குழியும் இதுவே. மனம் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காட்டுவதாக எண்ணி, அந்த மனத்துக்குச் சொந்தக்காரனின் பிரக்ஞையில் ஒருபோதும் வராத இயக்கங்களையெல்லாம் வாசகனின் பிரக்ஞையில் கொட்டினார்கள். வாசகன் ஹாண்டிலோடு போராடிக்கொண்டிருந்தான். வளைவு வந்து போய்விட்டது.

4

அப்படியானால் நான் இரண்டாவது விடையின் கட்சியா? ஆம், ஒரு நிபந்தனையோடு. கண்காணாத அந்த ஓட்டுநர் சர்வ வல்லமை படைத்தவராக இருக்கக்கூடாது. அவருக்கும் ஒரு உடல் வேண்டும், எடை வேண்டும், அவரால் ஆகாதது என்று ஒன்று வேண்டும்.

இந்த நிபந்தனையைத் தாமதத்தில் வைத்துச் சோதிக்கலாம். குச்சியை இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குக் கண்சிமிட்டும் நேரத்தில் தள்ளிவிடலாம். 180 கிலோவை அப்படிப் புரட்ட முடியாது. எனவே ஆட்டம் தாமதிக்கத்தான் வேண்டும். மோசமான ஆட்டத்தில் இந்தத் தாமதம் எப்போதும் ஒரே அளவு. விளையாடுகிறவன் அதை வண்டியின் எடையாக உணர்வதில்லை, கருவியின் கோளாறாக உணர்கிறான். நல்ல ஆட்டத்தில் தாமதத்துக்குக் காரணங்கள் உண்டு. வேகமாகப் போகும்போது வண்டியைப் புரட்டுவது கடினம். ஆக்ஸிலேட்டரைத் திறக்கும்போது சாய்ந்த வண்டி நிமிர முற்படும். தளர்ந்த மண்ணில் முன்சக்கரம் உழுதுகொண்டு போகும், ஒடித்தும் பயனிராது. இவை ஒவ்வொன்றும் வேறுவேறு தாமதம். எடை என்பது மாறுகிற எதிர்ப்பு. மாறாத எதிர்ப்பு வெறும் தடை. யாப்பைப் பற்றி நாம் போட்ட சண்டைகளில் இந்த வேறுபாட்டை யாராவது கவனித்திருந்தால் பாதி சண்டை மிச்சமாகியிருக்கும்.

2009-ல் வெளிவந்த, ரெயின்போ ஸ்டுடியோஸ் உருவாக்கிய எம்எக்ஸ் வெர்சஸ் ஏடிவி ரிஃப்ளெக்ஸ் இவ்வகையில் ஒரு முக்கியமான அடி. இவர்கள் 1998-ல் மோட்டோகிராஸ் மேட்னஸ் செய்தவர்கள். ரிஃப்ளெக்ஸில் இடக்கைக் குச்சி வண்டிக்கு, வலக்கைக் குச்சி உடலுக்கு என்று பிரித்தார்கள். வண்டி ஒரு பக்கம் போக உடலை இன்னொரு பக்கம் தள்ளலாம். விழப்போகும் கணத்தில் உடலை எதிர்ப்பக்கம் வீசி மீளலாம். நான் மேலே சொன்ன மூன்று சாய்வுகளில் இரண்டு முதன்முறையாகப் பெரும்பாலான மக்களின் இரு கட்டைவிரல்களுக்குத் தனித்தனியாகக் கிடைத்தன. அதன் பௌதிகம் பல இடங்களில் தாராளமானது என்று குறை சொல்வார்கள். சொல்லட்டும். வண்டியும் ஓட்டுகிறவனும் இருவர் என்ற அடிப்படை உண்மையை அது கண்டுகொண்டது. அதைவிட நுட்பமான கணக்குகளைக் கொண்ட சில ஆட்டங்கள்கூட அதைக் கண்டுகொள்ளவில்லை. பிபோசோ என்ற பெயரில் இத்தாலியிலிருந்து வெளியிடப்படும் எம்எக்ஸ் பைக்ஸில் கணக்கும் இந்தப் பிரிவினையும் ஒன்றுசேர்கின்றன. பக்கவாட்டில் உடலைச் சாய்ப்பது, முன்னும் பின்னும் நகர்த்துவது, ஒடிப்பது, எல்லாம் தனித்தனி. எவ்வளவு உதவியை ஏற்பது என்பதையும் விளையாடுகிறவனே தேர்ந்துகொள்ளலாம்.

ஆகாயத்தில் இந்தப் பிரிவினை இன்னும் கூர்மையாகிறது. தாவலில் எழும்பிய வண்டி எதையும் பிடித்துத் திரும்ப முடியாது. ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பின்சக்கரத்தின் சுழற்சியைக் கூட்டினால் மூக்கு உயரும். பின்பிரேக்கை மிதித்துச் சுழற்சியை நிறுத்தினால் மூக்கு தாழும். உடலை ஒரு பக்கம் முறுக்கினால் வண்டி மறுபக்கம் முறுகும். இவ்வளவே அங்கே உள்ள சுதந்திரம். மற்றதெல்லாம் தரையைவிட்டு எழும் கணத்திலேயே முடிவாகிவிட்டது. 2000-களின் முதல் பாதியில் அமெரிக்கரான ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தாவல்மேட்டில் ஏறும்போதே வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, உயரம் குறைவாகவும் வேகம் கூடுதலாகவும் தாவினார். பார்த்தவர்களுக்கு அது ஆகாயத்தில் நடந்த சாகஸம். உண்மையில் தரையில் நடந்த முடிவு. குச்சியைச் சுழற்றினால் ஆகாயத்தில் வண்டி எப்படி வேண்டுமானாலும் படுத்து எழும் ஆட்டங்களில் இந்தக் காரண காரியத் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். முன்கதையில் வேரில்லாத உச்சக்கட்டங்களும் பார்க்கப் பிரமாதமாகத்தான் இருக்கும்.

5

பார்வைக் கோணம் பற்றியும் சொல்லவேண்டும். ஓட்டுகிறவனின் கண்ணிலிருந்தே பாதையைக் காட்டும் முறை சில ஆட்டங்களில் உண்டு. இதுவே மிகவும் அந்தரங்கமான, ஆகவே மிகவும் யதார்த்தமான பார்வை என்று எண்ணத் தோன்றும். ஆனால் வண்டி 45 டிகிரி சாயும்போது திரையில் அடிவானத்தை என்ன செய்வது? வண்டியோடு இறுக்கப்பட்ட காமிராவானால் அடிவானமும் 45 டிகிரி சாயும். நிஜ ஓட்டுநரின் தலை அப்படிச் சாய்வதில்லை. கழுத்து தானாகவே தலையை அடிவானத்துக்கு இணையாக நிமிர்த்தி வைத்துக்கொள்கிறது. வண்டியின் கோணம் அவனுக்குக் கண்ணில் அல்ல, முழங்காலில், தொடையில் தெரிகிறது. எனவே அடிவானத்தைச் சாய்த்தால் பொய். சாய்க்காமலே விட்டாலோ, தொடை இல்லாத விளையாட்டுக்காரனுக்குச் சாய்வு என்ற செய்தியே போய்ச்சேராது. கொஞ்சம் சாய்க்க வேண்டியிருக்கிறது, உடலின் அறிவைக் கண்ணுக்கு மொழிபெயர்ப்பதற்காக. வெளியே, பின்னாலிருந்து பார்க்கும் முறையோ உடலும் வண்டியும் எவ்வாறு பிரிந்து சாய்கின்றன என்பதைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது. தன்மையில் சொல்லப்படுவதே உள்ளே இருந்து சொல்லப்படுவது என்ற நம் பழைய நம்பிக்கையை இங்கே திரும்பப் பரிசீலிக்கலாம். ‘நான்’ என்று தொடங்கும் கதைகளில் எத்தனையில் அடிவானம் செயற்கையாகச் சாய்ந்துகொண்டிருக்கிறது!

தரைக்கு வருவோம். மோட்டோகிராஸ் பாதை பந்தயத்தின்போதே மாறிக்கொண்டிருக்கும். முதல் சுற்றில் வழுவழுப்பாக இருந்த வளைவில் ஐந்தாவது சுற்றில் ஆழமான தடம் விழுந்திருக்கும். அந்தத் தடத்துக்குள் சக்கரம் விழுந்தால் சாய்வை ஓரளவு தடமே தீர்மானித்துவிடும். முன்னே போனவர்கள் வெட்டிய தடம் பின்னே வருகிறவனைத் தாங்கவும் செய்யும், சிறைப்படுத்தவும் செய்யும். அவன் போனதாலும் தடம் சற்று மாறும். 1919-ல் எலியட் மரபைப் பற்றி எழுதிய கட்டுரையில், புதிய படைப்பு ஒன்று வரும்போது முன்பிருந்த வரிசை முழுவதுமே சற்று மாறிவிடுகிறது என்று வாதிட்டார். அதை விளக்க இதைவிட நல்ல உருவகம் வேண்டியதில்லை. ரிஃப்ளெக்ஸ் தரை இவ்வாறு மாறுவதைக் கொண்டுவந்தது. எம்எக்ஸ் சிமுலேட்டர் என்ற இன்னொரு ஆட்டத்திலும் இது உண்டு. அதன் படங்கள் ஏழ்மையானவை. மரங்கள் மரம் மாதிரியே இருப்பதில்லை. ஆனால் தடங்கள் விழுகின்றன. விழுந்த தடத்துக்குப் பின்விளைவு இருக்கிறது. எதில் ஏழையாக இருக்கலாம், எதில் இருக்கக்கூடாது என்று தெரிந்த படைப்பு.

இதற்கு நேரெதிர், நேரத்தைப் பின்னோக்கி ஓட்டும் வசதி. இத்தாலியின் மைல்ஸ்டோன் நிறுவனம் 2014-லிருந்து வெளியிட்டுவந்த எம்எக்ஸ்ஜிபி வரிசையில் இது இருக்கிறது. விழுந்துவிட்டால் ஒரு பொத்தானை அழுத்தி, விழுவதற்கு முன்னிருந்த கணத்துக்குத் திரும்பிவிடலாம். பழகுகிறவனுக்கு இது உதவி என்பது சரி. ஆனால் இந்தப் பொத்தான் இருக்கும்வரை சாய்வு ஒரு கோணம் மட்டுமே. விழக்கூடும் என்பதுதான் சாய்வைச் சாய்வாக்குகிறது. அது போய்விட்டால் எவ்வளவு துல்லியமான பௌதிகமும் அலங்காரமாகிவிடும்.

உதவி வேண்டாம் என்பது என் வாதமல்ல; உதவியில்லாத கலை கிடையாது. எக்ஸைட்பைக்கின் நான்கு தடங்களும் ஒரு உதவிதான். கண்காணாத ஓட்டுநரும் உதவிதான். அந்த உதவி எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. உடலுக்குத் தெரிந்து பிரக்ஞைக்குத் தெரியாததை ஆட்டம் தானே செய்துகொடுக்கட்டும். அங்கே உதவுவது உண்மைக்கே உதவுவது. ஆனால் ஓட்டுகிறவன் பிரக்ஞையோடு எடுக்கும் முடிவை, எங்கே பிரேக் பிடிப்பது, எந்தத் தடத்தைத் தேர்வது, எடையை எந்தக் காலில் வைப்பது என்பதை, ஆட்டம் எடுத்துக்கொண்டுவிடக்கூடாது. அந்த முடிவின் விளைவையும் அழித்துவிடக்கூடாது. நாவலாசிரியனிடமும் நான் கேட்பது இதையே. அவன் பாத்திரங்கள் எந்தக் கோணத்தில் சாய்கின்றன என்று அளக்க எனக்கு ஆர்வமில்லை. அவை விழக்கூடுமா, விழுந்தால் அது அவற்றின் செய்கையிலிருந்து வருமா என்று மட்டும் பார்க்கிறேன். சமீபத்தில் படித்த பல கதைகளில் மண் அசலாக இருந்தது, வெயில் அசலாக இருந்தது, பேச்சு அசலாக இருந்தது. வண்டி மட்டும் எந்த வளைவிலும் விழுகிற மாதிரி இல்லை.